நாளைக்குத் திமிங்கிலம்

உப்புவெளிக் கடற்கரையில், டிக்கெட் மேசைக்குப் பின்னால்
காலை பத்துக்குப் பிறகு ஆளில்லை.
அறை ஐந்தில் யாரோ விட்டுப்போன ஸ்பானிய இலக்கணம்,
நாற்பத்தேழாம் பக்கத்தில் சன்கிறீம் கறை.
அந்தக் கறைக்குள்தான் இருந்தது
இன்னும் நடக்காததைச் சொல்லும் வினை.

செய்முறை லேசு.
நான் பேசுகிறேன்: ஆப்லோ. வாலில் உள்ள ஓவை நறுக்கு.
அ-காரக் குடும்பத்து வினைக்கு எ-காரம் போடு,
எ, இ குடும்பங்களுக்கு அ-காரம்.
ஆப்லார், ஆப்லே ஆகும்.
கோமேர், கோமா ஆகும்.
கோணேசர் மலையில் செருப்பு மாறிப்போய்
மற்றவன் செருப்பில் வீடு வந்த நாள்போல:
நடை அதேதான், குதிக்கால் மட்டும்
இது என்னுடையதில்லை, என்னுடையதில்லை என்று
சொல்லிக்கொண்டே வரும்.

மண்டைக்குள் ஏறாதது ஒன்றே.
நான் சாப்பிட நான் விரும்பினால் வினை அசையாது.
நீ சாப்பிட வேண்டுமென்று நான் விரும்பினால்
உயிரெழுத்து மாறிவிடுகிறது.
ஆசை ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குத் தாண்டும் இடத்தில்
ஒரு 'கே' நிற்கிறது, அந்தக் காலத்துச் சென்றிபோல.
பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டை காட்டி, நடந்து,
மறுபக்கம் ஏறும்போது
கொஞ்சம் வேறு ஆளாகத்தான் ஏறுவோம்.

முதலாளி ரெஜினோல்ட் பலகை கொண்டுவந்தார்.
"ஸ்பெயின்காரரும் வருகினம், அவையின்ர பாஷையில எழுதும்:
நாளைக்குத் திமிங்கிலம். நூறு வீதம்."
சோக்கை எடுத்தேன்.
தெரியும் என்றால் வினை நேராக நிற்கும்.
எனக்குத் தெரியாது.
பதினோரு வருடம் படகோட்டும் நௌபீக்குக்கும் தெரியாது.
திமிங்கிலத்துக்கே தெரியுமோ என்னவோ.
'நம்புகிறேன்' என்று தொடங்கினேன்: எ நுழைந்தது.
'ஐமிச்சம்' என்று தொடங்கினேன்: அங்கேயும் அதே எ.
இரண்டுக்கும் ஒரே விகுதி வைத்த மொழியை
அன்றுதான் மதித்தேன்.

எழுதினேன்: ஒஹலா பாசே ஊனா பாயேனா.
கடந்து போகட்டும் ஒரு திமிங்கிலம், கூடுமென்றால்.
நௌபீக் எண்ணெய்க் கையோடு வந்து வாசிக்கச் சொன்னான்.
"ஒஹலாவா? இன்னொருக்காச் சொல்லுங்க.
அது அல்லாஹ் நாடினா என்கிறதெல்லோ?
எங்கட சொல்லு அங்க எப்பிடிப் போச்சு?"
புத்தகத்தின் அடிக்குறிப்பும் கிண்ணியாக்காரன் பக்கமே நின்றது.
ரெஜினோல்ட்டிடம், நிச்சயம் என்றுதான் அர்த்தம் என்றேன்.
அந்தப் பொய்க்கு
எந்த விகுதியும் தேவைப்படவில்லை.

விடிய ஐந்தரைக்குப் படகு போனது.
மைத்தே என்றொருத்தி, அவளுடைய தகப்பன்,
காதுக்கருவியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு.
பத்துக்குத் திரும்பினார்கள்.
ஓர் ஆமை. இருபது ஓங்கில்.
ரெஜினோல்ட் பாராத நேரம் பாதிக் காசை நீட்டினேன்.
கிழவர் பலகையைச் சுட்டித் தலையாட்டினார்:
நீ பிழையாக ஒன்றும் எழுதவில்லையே.
அவர் வாங்கவில்லை.
மைத்தே வாங்கிக்கொண்டாள்.

போகும்போது அவள் சொன்னது: கே தெஸ்கான்செஸ்.
தெஸ்கான்சார், ஓய்வெடுத்தல், அ-காரக் குடும்பம்.
எ வந்திருக்கிறது. வாலில் 'நீ'க்கான ஸ்.
விரும்புகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை,
நேரே 'கே'யில் தொடங்கிவிட்டாள்.
நாலு மணிக்கு எழும்பியவள் நான்.
என் ஓய்வுக்கென்று இதுவரை ஒருவரும்
ஒரு எழுத்தையும் மாற்றியதில்லை.

பின்னேரம், பஸ் நிலையம், மடியில் புத்தகம்.
குப்பையில் கொழுத்த புள்ளிமான் ஒன்று வந்து நின்றது.
நான் 'அவர்கள்' வரிசையைப் பாடமாக்கிக்கொண்டிருக்க
நாற்பத்தேழாம் பக்கத்தின் மூலையைக் கவ்வி இழுத்தது.
பக்கத்தில் இருந்தவர் கல்லுக்குக் குனிந்தார்.
வேண்டாம், கே கோமா, என்றேன்.
என்ன?
தின்னட்டும்.